நாய் வளர்ப்போர் கணக்கு



'நாய் விற்ற காசு குரைக்குமா?' என்று கேட்பது வழக்கம். விற்ற காசு குரைக்காது. ஆனால், நாய்க்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த காசு ஒருநாள் கடித்துவிடும்.

கொலன்னாவையைப் போல வீடுகள் நெருங்கிய நகர்ப்புறங்களிலே, நாய் வளர்ப்பதைப் பலர் ஒரு செலவாகவே கருதுவதில்லை. குட்டி இனாமாகக் கிடைக்கிறது. மிஞ்சிய சோறும் மீன்தலையும் போதும் என்கிறார்கள். ஆனால், நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும் பிராணியன்றோ? அத்தனை ஆண்டும் வீட்டு நிலைமை ஒரே சீராக இருப்பதில்லை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. மனிதர் தட்டிலேயே சோறு குறைந்தால், நாய்க்கு மிஞ்சுவது யாது?

உணவினும் முக்கியமானது தடுப்பூசி. விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டம் இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 இல் வந்தது. எனினும், 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தமைக்கு, நாய்களுக்கும் கடியுண்ட மனிதருக்கும் ஊசி போட்டமையே முக்கிய காரணம். நோயின் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆதலால், கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த ஊசிக்குப் பணம் கேட்பதில்லை. ஆயினும் அது விலையற்றதன்று. பொதுப் பணத்தில் வாங்கியது. நாய்க்கு ஆண்டுதோறும் போடும் ஊசியோ அதனினும் எத்தனையோ மலிவானது. சுகாதாரப் பகுதியார் அதனை இலவசமாகப் போடும் நாள்களும் உண்டு. அதற்கு ஒரு மணி நேரத்தைச் செலவிடாதவர், தம் செலவை அயலவர் தலையில் ஏற்றுகிறார்.

பெண் நாயின் கணக்கு வேறு. அதன் கர்ப்பகாலம் இரண்டு மாதமே. கருத்தடைச் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பார், பின்னர் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தை ஓரத்தில் விட்டுவருகிறார். மிச்சம் அவருக்கு, பசியும் சொறியும் குட்டிகளுக்கு, அச்சம் அவ்வழியே பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கு.

இறுதியாக, காசில் அளக்க முடியாத ஒரு செலவும் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கிற்று. அத்தகைய வேளையிலே, சங்கிலியில் கட்டுண்ட நாயால் நீந்த முடியாது. சங்கிலியை அவிழ்க்க ஒருவர் நினைவு வைத்திருத்தல் வேண்டும். அந்த ஒருவர் தம் வீட்டில் யார் என்பதைத் தீர்மானித்த பின்னரே, நேயர்கள் நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார்களாக.