துயருற்ற தோழன்

தந்தையை இழந்த சிறுவன் ஒருவன், கருமாதி முடிந்து பள்ளிக்குத் திரும்புகிறான். இடைவேளையில் கபடி ஆடுகிறான். உரக்கச் சிரிக்கவும் செய்கிறான். "கல்நெஞ்சன்" என்று யாரேனும் முணுமுணுக்கக்கூடும். அச்சொல் பொய், கொடிதுமாம். சிறு நெஞ்சம் பெருஞ்சுமையை நெடுநேரம் தாங்காது. சற்றே இறக்கி வைத்துவிட்டு, மீண்டும் தூக்கிக்கொள்ளும். விளையாட்டு அவனுக்குச் சுமைதாங்கிக் கல்.

அங்கேரி நாட்டு உளநூலறிஞர் மரியா நாகி என்னும் அம்மையார், 3 முதல் 10 வயது வரையுள்ள 378 சிறுவரைக் கொண்டு, சாவைப்பற்றி அவர்கள் கருதுவதை ஆராய்ந்து 1948-இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ எண்ணினர். "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று நாம் இரக்கத்தால் சொல்லும் பொய்யை நம்பி, அக்குழந்தை வாசலிலே காத்திருக்கும். "தூங்குகிறார்" என்றாலோ, தான் தூங்கவே அஞ்சும். "இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று மடியில் இருத்திச் சொல்வதே மேல்.

வளர்ந்த பிள்ளைகள் உண்மையை அறிவர். ஆயினும் அவர்கள் துயரம் வேறு உருவில் வெளிப்படும். படித்த பாடம் மனத்தில் தங்காது. காரணமின்றிச் சினம் மூளும். வயிற்றுவலி என்பர், மருத்துவர் நோயில்லை என்றாலும் அது நடிப்பன்று. "அன்று நான் எதிர்த்துப் பேசியதால்தான் அப்பா இறந்தார்" என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளையும் உண்டு. வேறு சிலர் முன்னினும் கருத்தாகப் படிப்பர். தாயைத் தாங்கும் பொறுப்புத் தமதென எண்ணுவர். ஆசிரியர்கள் இவர்களைப் புகழ்ந்து, அத்துடன் விட்டுவிடுகின்றனர். இவர்களைத்தான் கூர்ந்து நோக்கவேண்டும் என்பேன்.

மதிப்பெண் அட்டையில் "தந்தையின் கையொப்பம்" என அச்சிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். தேர்வுதோறும் அவ்வெற்றிடம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை அச்சிட்டோர் நினைத்திரார்.

தோழர்களாகிய நீங்கள் அறிவுரை கூற வேண்டா. "அழாதே" என்றும் சொல்ல வேண்டா. "கேள்விப்பட்டேன், வருத்தமாயிருக்கிறது" என்றால் போதும். விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுங்கள். அவனே தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சை மாற்றாதீர்கள். உணவு இறங்காமலும், பள்ளிக்கு வர மனமில்லாமலும் பல வாரங்கள் கழிந்தால், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் ஆகாது. முதல் தீபாவளியும் முதல் ஆண்டுத் திதியும் வரும்போது வகுப்பு எல்லாவற்றையும் மறந்திருக்கும்; அவன் மறந்திரான். அந்த வாரம் அவனுடன் வீடுவரை நடந்து செல்லுங்கள்.