புகை எப்போது வருகிறது?



1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், மேடு ஏறாது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒரு பிளக் அடிக்கல, மிஸ்ஸிங்" என்பார்.

எந்தப் பிளக்? கார்புரேட்டர் வைத்த பழைய மாடலில் இதற்கொரு வழி உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் தடுமாற்றம் அதிகமாகும். கழற்றியும் சத்தம் மாறவில்லையா? கோளாறு அங்கேதான். வெறுங்கையால் தொடாதீர்கள், அந்த வயரில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் இந்த வேலை கூடாது. எரியாத பெட்ரோல் போய் அதைக் கெடுத்துவிடும்.

எஞ்சின் ஆறியதும் அந்தப் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பாருங்கள். பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ஆயில் இறங்குகிறது. புதுப் பிளக் வாங்குமுன் பக்கத்துப் பிளக்கோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து வயரை மாற்றிப் பார்க்கலாம். மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், இருட்டில் பானட்டைத் திறந்து பாருங்கள். வெடித்த வயரிலிருந்து நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து புகை. கறுப்பு பெட்ரோல், நீலம் ஆயில், வெள்ளை தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் நிறத்தைவிட நேரத்தைத்தான் கேட்பேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல். இரவெல்லாம் அது வழியே கசிந்த ஆயில்தான் காலையில் எரிகிறது. ஊட்டி மலையிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் குப்பென்று புகை வந்தாலும் அதே சந்தேகம்தான். மேடு ஏறும்போது, மிதிக்க மிதிக்க விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்.

இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நீலப்புகையைக் கண்டவுடன் "போர் வேலை" (சிலிண்டரைக் கடையும் வேலை) என்று சொல்பவரிடம், முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டரில் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம்.

கொடைக்கானல் குளிரில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் பால் கலந்தது போலிருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், காலைப் புகையை உங்களுக்கு முன்னாலேயே வெளியேற்றி வைத்திருக்கலாம். மறுநாள் விடிகாலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.