தவிட்டெண்ணெயும் ஓஸ் குழாயும்

குறுவை நாற்றங்காலுக்குப் பம்புசெட்டிலிருந்து நீர் கொண்டு செல்லும் பச்சை ஓஸ் குழாய், இயல்பில் விறைப்பான பிவிசியேயாயினும், சுருட்டினால் சுருண்டு கொடுப்பது, அதில் சேர்க்கும் தாலேட் என்னும் எண்ணெய் போன்ற ரசாயனத்தின் உபகாரத்தால்தான். அது பிவிசியோடு ரசாயனப் பிணைப்புக் கொள்ளாமல் வெறுமனே இடையில் தங்கியிருப்பதால், வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது; நாளடைவில் குழாய் மொடமொடத்து வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில தாலேட்டுகள் ஹார்மோன்களின் இயக்கத்தைக் குலைக்கக்கூடும் என்ற அச்சத்தால், சிறு குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் அவற்றை ஐரோப்பா 1999-இல் தடுத்தது.

தாலேட்டுக்கு மாற்றாக, சோயா எண்ணெயை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு பக்குவம் செய்து சேர்ப்பதுண்டு. சூட்டில் பிவிசி கக்கும் அமிலத்தையும் அது பிடித்துக்கொள்ளும். தவிட்டெண்ணெயையும் அவ்வாறே பக்குவம் செய்யலாம். பச்சரிசித் தவிடு ஆலையை விட்ட சில மணி நேரத்திலேயே நொதியின் வேலையால் காறத் தொடங்க, நம் தஞ்சைப் புழுங்கல் தவிடோ, நெல் அவிந்தபோதே அந்நொதி அடங்கிவிடுவதால், கெடாமல் நெடுநாள் நிற்கிறது. ஆயினும் அதிலிருந்து வரும், அடுக்களைக்குரிய நல்ல தவிட்டெண்ணெயைக் குழாய்க்குக் கேட்பது நியாயமன்று. சோப்புக்குப் போகும் காறிய தவிட்டெண்ணெயை ஆல்கஹாலோடு சேர்த்து எஸ்டராக்கி இவ்வழியில் திருப்புவதே உசிதம்.