ஆற்றங்கரை மண்ணும் ஒரு பிடி நெல்லும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம் பழைய கதை ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். பழைய கதைதான், 2,500 வருஷத்துக் கதை. ஆனால் அதை என்னுடைய தப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நம் கல்லூரியில் படித்து முடித்ததும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். குடகனாற்றங்கரையில் ஒரு தடுப்பணைக்கு அஸ்திவாரம் தோண்டினோம். எட்டடி ஆழத்தில் மணல் போய், ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் கலந்த கறுப்பு மண் வந்தது. உள்ளே கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், கருகிய தானியம். "சார், அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கே?" என்றார் டிரைவர். "நேரமாச்சு, அள்ளிக் கொட்டுப்பா" என்றேன். இரண்டு லாரி மண், பள்ளம் நிரப்பப் போய்விட்டது. ஒரு ஓட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதுவும் தப்புதான்.

என்ன தொலைத்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது. பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில், ஆற்றங்கரை ஊர் பொருந்தல். நம் மாவட்டம்தான். 2009, 2010-இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு ஈமச்சின்னத்தில் நாலு கால் ஜாடி ஒன்று. அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல்! அமெரிக்க ஆய்வகத்தில் கரிமக் கணிப்பு செய்ததில் கி.மு. 490 என்று வந்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் இருந்ததால், நெல்லின் வயது எழுத்துக்கும் வயது சொன்னது. எந்தக் குழி, எந்த ஜாடி, பக்கத்தில் என்ன என்று குறித்து எடுத்ததால்தான் அந்த நெல் பேசியது. நான் கொட்டிய மண் இனி பேசாது.

தங்கம் கிடைத்தால் எல்லோரும் நிற்பார்கள். ஆற்றங்கரையில் நிஜமான புதையல் விதை, கரி, மகரந்தம், மீன் முள். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அவற்றை மூடிக் காக்கிறது. அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதக்கும், சல்லடையில் அள்ளிக்கொள்ளலாம். அன்று என்ன விளைந்தது, எந்த மரத்தை எரித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல் உமி கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டதே, அதுவும் இப்படித்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லச் சொல்கிறது. கருகிய நெல்லுக்கு என்ன விலை போடுவது? 2010 திருத்தச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டத் தடை போடுகிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. பட்டியலில் இல்லாத ஆற்றங்கரைக்கு அது உதவாது. இங்கிலாந்தில் 1990 முதல், தேவைப்படும் இடங்களில் கட்டுபவர் செலவிலேயே தொல்லியல் ஆள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கவனிக்கிறார். நமக்கும் இது புதிதல்ல. நாகார்ஜுனசாகர் அணை நீர் மூடுவதற்கு முன் 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாவைத் தோண்டிப் பதிவு செய்தார்களே!

இங்கே ஒப்பந்தக்காரர்களும் பொறியாளர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடும் சாம்பலும் கலந்து கறுப்பு மண் வந்தால் அரை நாள் பொக்லைனை நிறுத்துங்கள். தம்பி தங்கையரே, உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், ஆழத்தைக் குறியுங்கள், கலெக்டர் அலுவலகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். எதையும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

என் மேஜை மேல் இருக்கும் ஓட்டைக் காட்டி, "எந்தக் காலத்தது தாத்தா?" என்று பேத்தி கேட்கிறாள். பதில் அந்த இரண்டு லாரி மண்ணோடு போய்விட்டது. உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.