நிலவில் தேடியதும் கண்ணில் தேடுவதும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





படத் தேடல், விண்வெளி, லேசர் ஆகிய மூன்று துறைகளிலும் நடந்துவரும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததுமே, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், "இதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலுக்கு நிலவு வரை போய்த்தான் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் இறங்குவதைப் பார்க்கத் தூங்காமல் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தோம். தரைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்துபோனது. கலம் விழுந்து நொறுங்கிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் எங்கே விழுந்தது?

நிலவைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலம் ஒன்று சில நாட்கள் கழித்து அந்தப் பகுதியைப் படம் பிடித்தது. நாசா அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அந்த இடம் தென் துருவத்தை ஒட்டியது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத்தான் நிற்கும். சின்னக் கல்லுக்குக்கூட நீண்ட நிழல் விழும். அதற்குள் ஓர் உடைந்த துண்டைத் தேடுவது லேசான வேலையில்லை. சென்னையில் வேலை பார்த்துவந்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர், விக்ரம் போவதற்கு முன் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். அவர் விண்வெளித் துறையில் வேலை பார்ப்பவர் அல்லர். பழைய படத்தில் இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி புதிய படத்தில் இருப்பதைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். படத்தில் அந்தப் புள்ளி ஒன்றின் அகலம், நிலவின் தரையில் 1.3 மீட்டர் அளவுதான். நாசா மேலும் படங்கள் எடுத்துச் சரிபார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும் போட்டது. இதற்கு அவரிடம் இருந்த கருவி கணினியும் பொறுமையும்தான்.

கண்ணால் படத்தைத் தேடும் இந்த வேலைக்கு ஓர் முன்னோடி உண்டு. எகிப்தில் ஸகாஸீக் நகரில் 1938இல் பிறந்த பாரூக் அல்பாஸ். மண்ணியல் படித்தவர். அப்பல்லோ விண்கலங்களை நிலவில் எங்கே இறக்குவது என்று தேர்ந்தெடுத்த குழுவின் செயலாளராக இருந்தவர். அதற்காக நிலவின் படங்கள் நான்காயிரத்துக்கும் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே இறங்கினால் கலம் சாயாது என்று ஒவ்வொரு படமாகக் குறித்தார். பின்னாளில் அதே கண்ணை விண்வெளியிலிருந்து எடுத்த பாலைவனப் படங்களின் பக்கம் திருப்பி, எகிப்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடங்களைத் தேடினார். நிலவில் பழகிய கை, தண்ணீருக்கு உதவியது. (கலாம் அய்யாவைப் பற்றிப் பேசாத கூட்டம் நம்மிடம் இல்லை என்பதால்தான் இன்று அல்பாஸைப் பற்றிச் சொல்கிறோம்.)

ஆனால் ஒரு மனிதர் எத்தனை படம் பார்க்க முடியும்? ஆகவே இந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் கணினிக்குப் படம் புரியாது. கூகுள் 2001இல் படத் தேடலைக் கொண்டுவந்தபோதுகூட, படத்தைச் சுற்றியுள்ள எழுத்தை வைத்துத்தான் பெரும்பாலும் தேடியது. "மாம்பழம்" என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அது மாம்பழம். ஃபெய்ஃபெய் லீ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். கோடிக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து, இது பூனை, இது படகு, இது மிளகாய் என்று மனிதர்களைக் கொண்டே பெயர் குறிக்க வைத்தார்கள். இமேஜ்நெட் என்ற அந்தத் தொகுப்பு 2009இல் வெளிவந்தது. அதைக் கொண்டு பயிற்சி பெற்ற கணினிகளுக்கு ஆண்டுதோறும் போட்டி வைத்தார்கள். 2012இல் டொராண்டோவைச் சேர்ந்த ஒரு குழுவின் கணினி 15 சதவீதத் தவறோடு முதலில் வந்தது. இரண்டாவது வந்ததற்கு 26 சதவீதம். அன்றிலிருந்துதான் இத்துறை ஓட ஆரம்பித்தது.

கணினி இதை எப்படிச் செய்கிறது? புடவைத் துண்டை எடுத்துக்கொண்டு ரவிக்கைத் துணி வாங்கப் போகும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். கடைக்காரர் அந்தத் துண்டின் பெயரைக் கேட்பதில்லை. நிறம், பளபளப்பு, நெசவு எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, அதற்கு மிக நெருக்கமான துணியை அடுக்கிலிருந்து உருவுகிறார். கணினியும் ஒவ்வொரு படத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிவைத்துக்கொள்கிறது. ஒரே மாதிரிப் படங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும். நாம் ஒரு படத்தைக் கொடுத்தால், அதன் எண்களுக்கு நெருங்கியதைத் தேடி எடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பதற்றமான படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், அது எந்த ஊரில், எந்த வருடம் எடுத்த பழைய படம் என்று பல சமயம் தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன் அதைச் செய்யும்படி இளைஞர்களிடம் பல முறை சொல்லிவிட்டோம். இன்று அதை நீட்டவில்லை.

இனி லேசர். அணுவிலிருந்து இப்படி ஒளியைக் கறக்க முடியும் என்று ஐன்ஸ்டீன் 1917இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். செய்து காட்ட நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1960 மே மாதம் முதல் லேசர் ஒளிர்ந்தது. அது விட்டுவிட்டுத்தான் ஒளிர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, தெஹ்ரானில் பிறந்த அலீ ஜவான் என்ற இயற்பியலாளரும் அவருடைய நண்பர்களும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், விட்டுவிடாமல் தொடர்ந்து ஒளிரும் லேசரை உருவாக்கினார்கள். கண்ணாடிக் குழாயில் ஹீலியம், நியான் என்ற இரண்டு வாயுக்கள். அவ்வளவுதான். மறுநாளே அந்த ஒளிக்கற்றையின் மேல் ஒரு தொலைபேசிப் பேச்சை அனுப்பிப் பார்த்தார்கள். மற்ற விளக்கின் ஒளி போகப் போக விரிந்து கலைந்துவிடும். லேசர் ஒளியில் எல்லா அலைகளும் ஒரே நிறத்தில், ஒரே திசையில், தொழுகை ஸஃப் போல ஒழுங்காகப் போகின்றன. அதனால் வெகுதூரம் போனாலும் அதிகம் விரிவதில்லை.

இங்கேதான் நம் விக்ரம் மறுபடி வருகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் பத்திரமாக இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். அதன் மேல் ஒரு சிறிய கண்ணாடிப் பொருள் இருந்தது. நாசா கொடுத்தது. அகலம் 5 சென்டிமீட்டர், எடை 20 கிராம். அதில் எட்டுப் பட்டகங்கள். அது என்னவென்று தெரிய வேண்டுமானால் சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் அடித்தாலும், வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவுமில்லை. 2023 டிசம்பர் 12 அன்று, முன்பு விக்ரமின் சிதறலைப் படமெடுத்த அதே அமெரிக்க விண்கலம், 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசரைப் பாய்ச்சியது. ஒளி திரும்பி வந்தது. 2019இல் ஒரு புள்ளியைத் தேட எத்தனை பாடு! இப்போது விக்ரமின் மின்கலம் உறங்கிய பிறகும் அது இருக்கும் இடத்தை ஒளியே சொல்கிறது. அலீ ஜவானின் லேசர் ஒளிர்ந்து சரியாக 63 ஆண்டுகள் ஆன அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

சரி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவருக்கும் சர்க்கரை. ஒரு நாள், குர்ஆன் ஓதும்போது எழுத்துகள் வளைந்து தெரிகின்றன என்று சொன்னார். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, இரண்டு முறை மாற்றினார். விழித்திரையைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்ல ஆளில்லை, எங்களையும் சேர்த்துத்தான். ஒரு வருடம் கழித்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கடையை மகன் நடத்துகிறார்.

இரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால், விழித்திரையில் ஓடும் மெல்லிய இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். பிறகு நோஞ்சான் குழாய்கள் புதிதாக முளைத்து உடையும். இதில் கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆனால் முதலிலேயே கண்டுபிடித்தால் வழி உண்டு. அந்த வழிகளில் ஒன்று லேசர். விழித்திரையில் நுண்ணிய சூட்டுப் புள்ளிகளை வைத்து, கசிவை அடைக்கிறார்கள், கெட்ட குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறார்கள். முற்றிய நிலையில் இருப்பவர்களிடம்கூடக் கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976இலேயே காட்டிவிட்டது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகளும் வந்துள்ளன. ஆனால் போன பார்வையை லேசர் பெரும்பாலும் திருப்பித் தராது. இருப்பதைக் காக்கும்.

முதலிலேயே கண்டுபிடிப்பது எப்படி? விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நாட்டில் சர்க்கரை நோயாளிகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்கள் அத்தனை பேர் இல்லை. பூனையையும் படகையும் அடையாளம் கண்ட கணினிக் கலை இங்கே கைகொடுத்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரு லட்சத்து 28 ஆயிரம் விழித்திரைப் படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவை. நம் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளும் அதில் பங்கு கொண்டன. பயிற்சி பெற்ற கணினி, கண் மருத்துவர்களுக்கு இணையாக நோயைக் கண்டது. நிலவில் ஒரு புள்ளியைத் தேடியது போலத்தான் இதுவும். விழித்திரையில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளி.

இயந்திரம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் சொல்லவில்லை. தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவமனைகளில் இதே முறையைச் செயல்படுத்திப் பார்த்தபோது, அறையில் வெளிச்சம் சரியில்லாதது போன்ற காரணங்களால், எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கணினி ஏற்க மறுத்தது. நோயாளிகள் மறுபடி அலைய நேர்ந்தது. படம் எடுப்பவரின் கையும், அறிக்கையைப் பார்க்கும் மருத்துவரின் கண்ணும் இன்னும் வேண்டும்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று இருட்டறையில் சோதனைகள் செய்து நிறுவினார். இன்று கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் ஒவ்வொரு கருவியும் அந்த இருட்டறையின் வழியில் வந்ததுதான்.

பெண்கள் பகுதியில் இருக்கும் மாணவியருக்கு ஒரு வார்த்தை. சூரியனை ஆராய 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போன ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். இயற்பியல் படிக்க ஆசைப்படும் மகளிடம் "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று கேட்கும் வாப்பாக்கள், செங்கோட்டைக்குப் பேருந்தில் ஒருமுறை போய் வரலாம்.

அஸருக்கு நேரம் நெருங்குகிறது. சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பதாக இன்றுதான் தெரிந்தது என்றாலும், முதல் சோதனையை உடனே செய்துவிடுங்கள். கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் கூசுவது போலவும் இருக்கும், பயப்பட வேண்டாம். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய சர்க்கரைச் சோதனைச் சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட பெரியவரை அடுத்த வாரம் அழைத்துப் போவதாக அவருடைய பேத்தி சொல்லியிருக்கிறாள், இன்ஷா அல்லாஹ்.