சுவருக்குள் ஓடும் தண்ணீர்

மாடி பாத்ரூமில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்குகிறது. "டேங்க் சின்னதுங்க. 500 லிட்டர் எந்த மூலைக்கு? ஆயிரமா மாத்திடுங்க, பிச்சிக்கிட்டு வரும்" என்று யாரோ யோசனை சொல்கிறார்கள். பழைய தொட்டி இறங்குகிறது, புதுத் தொட்டி ஏறுகிறது. சில ஆயிரம் ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஷவரில் வருவது மட்டும் அதே நூல்தான்.

தமிழ்நாட்டில் எந்த ஊரில் வேண்டுமானாலும் நடக்கக்கூடிய கதை இது. தொட்டி எவ்வளவு பெரியது என்பதற்கும் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியில் தண்ணீரின் மேல்மட்டம் குழாயின் வாயிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. 500 லிட்டரானாலும் 5,000 லிட்டரானாலும் மட்டம் ஒன்றாக இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான். புதுத் தொட்டி சற்று உயரமானதாக இருந்தால், அது நிரம்பியிருக்கும் நேரத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அவ்வளவே.

சுமார் 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். இப்போது நம் வீட்டை அளந்து பார்க்கலாம். தரையிலிருந்து கூரை பத்தடி. ஷவரின் தலை ஏழடியில் இருக்கிறது. தொட்டியை மொட்டை மாடித் தளத்திலேயே உட்கார வைத்தால், பாதி நிரம்பிய தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவே ஐந்தடி, மிஞ்சினால் ஆறடி. ஒரு கிலோவில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். கடையில் பளபளவென்று தொங்கும் பெரிய வட்ட ஷவர்கள் பலவற்றின் அட்டையிலேயே குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை வாங்குகிறவர் அதன் விலையைப் பார்ப்பார், பளபளப்பைப் பார்ப்பார். அந்த ஒரு வரியைப் பார்ப்பது அரிது.

அதே 500 லிட்டர் தொட்டியை ஐந்தடி உயர மேடை கட்டி அதன்மேல் ஏற்றினால் ஷவரில் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். கீழ்வீட்டில் இருப்பவருக்கு ஏன் நன்றாக வருகிறது என்பதற்கும் இதே விடைதான். அவருக்கு இன்னும் பத்தடி உயரம் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டி முடித்த வீட்டில் மேடைக்கு வழியில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டும் சின்ன மோட்டார் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு வரைபடம் மேஜையில் இருக்கும்போதே தொட்டியின் உயரத்தைக் கேட்டுவிட்டால் அந்த மோட்டாரும் வேண்டாம், அதற்கான மின்கட்டணமும் வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தும் தண்ணீர் வராத வீடுகளும் உண்டு. தொட்டி கழுவிய மறுநாள் இது அடிக்கடி நடக்கும். நேற்றுவரை வந்த தண்ணீர் இன்று ஒரு குழாயில் மட்டும் வராது. தொட்டி நிரம்பி வழிகிறது, வால்வும் திறந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, பிறகு ஒன்றுமில்லை. பிளம்பர்கள் இதை ஏர் லாக் என்பார்கள். தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய் வழியில் ஒரு கைப்பிடிச் சுவரையோ உத்தரத்தையோ தாண்ட மேலே ஏறி மறுபடி கீழே இறங்கியிருக்கும். தொட்டி காலியானபோது குழாய்க்குள் புகுந்த காற்று, அந்த ஏறி இறங்கும் மேட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நாம் மேலே கணக்கிட்ட சொற்ப அழுத்தத்துக்கு அந்தக் காற்றைத் தள்ளும் திராணி கிடையாது.

இதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள பிளம்பர் ஒரு துண்டு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு வருவார். மோட்டாரிலிருந்து நேரடியாகத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு முனை, செத்துப்போன குழாயின் வாயில் மறுமுனை. இரண்டையும் இறுகக் கட்டி, மோட்டாரைப் போட்டு, இரண்டையும் திறப்பார். தண்ணீர் எதிர்த்திசையில் ஏறும். மாடியில் நிற்பவருக்குத் தொட்டிக்குள் 'குபுக் குபுக்' என்று குமிழி கிளம்புவது கேட்கும். காற்று வெளியேறிவிட்டது. ஐந்து நிமிட வேலை. தொட்டியிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்திலேயே T வடிவ 'டீ' இணைப்பு ஒன்றைப் போட்டு, தொட்டியின் தலையைவிட உயரமாக ஒரு ஏர் பைப்பை நிறுத்தி, அதன் நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் இந்தத் தொல்லை வருவதே அபூர்வம். சில அடி குழாயும் இரண்டு எல்போவும்தான் செலவு. பல வீடுகளில் செலவை மிச்சம்பிடிப்பதாக நினைத்து முதலில் வெட்டுவது இந்தக் குழாயைத்தான்.

தொட்டியும் ஏர் பைப்பும் கண்ணுக்குத் தெரிபவை. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். சுவருக்குள் போவது அப்படியல்ல. பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு ஜாயின்ட் கசிந்தால் குழாய்க்கு ஐம்பது ரூபாய், அதை எட்டிப் பிடிக்க ஆயிரக்கணக்கில் செலவு. அதனால் வீடு கட்டுகிறவர் வேலை நடக்கும் இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டிய நாள் என்று ஒன்றைச் சொல்வதானால், அது பூமி பூஜை அல்ல, சுவர் வெட்டிக் குழாய் பதித்து முடித்த நாள்தான்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது என்ன? வெந்நீர் போகும் இடத்தில் இளமஞ்சள் நிற சிபிவிசி குழாய் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளை யுபிவிசி குளிர்ந்த நீருக்கு உகந்தது. கீசர் நீரில் அது இளகிவிடும். இரண்டுக்கும் ஒட்டும் பசையும் வேறு வேறு. கையில் இருக்கும் டப்பாவிலிருந்தே எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிற அவசரக்காரர்களும் உண்டு. நன்றாக ஒட்டுகிறவரின் கையைக் கவனித்தால் தெரியும். குழாயை நேராக வெட்டுவார். வெட்டிய ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து, துணியால் துடைப்பார். குழாயின் வெளிப்புறமும் பிட்டிங்கின் உட்புறமும் பசை தடவி, உள்ளே செருகும்போதே கால் திருப்பு திருப்புவார். அதன்பிறகு கையை எடுக்காமல் சில வினாடிகள் அழுத்திப் பிடித்திருப்பார். அந்தச் சில வினாடிகளில்தான் விஷயம் இருக்கிறது. உடனே கையை எடுத்தால் குழாய் மெல்லப் பின்வாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும்.

ஷவரும் குழாயும் மாட்டப்போகும் முனைகளில் பித்தளை மரை உள்ள எல்போதான் வேண்டும். பிளாஸ்டிக் மரையில் குழாயை இறுக்கும்போது, கடைசி முறுக்கில் கீறல் விழுந்தால் அது சுவருக்குள்ளேயே விழும். டெஃப்லான் டேப் சுற்றுவதிலும் திசை உண்டு. மரையின் முனையை நம் பக்கம் பார்த்தபடி வைத்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இறுக்க இறுக்க டேப் அவிழ்ந்து திரளும்.

பிறகு அழுத்தச் சோதனை. எல்லா முனைகளையும் மூடியால் அடைத்து, ஒட்டியது நன்றாகக் காய நேரம் கொடுத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மீட்டர் வைத்த கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். குழாய் வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்காவது ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கெட்டிக்கார பிளம்பர்கள் டைல்ஸ் வேலை முடியும்வரை அழுத்தத்தை இறக்காமலே விட்டுவைப்பதுண்டு. டைல்ஸ்காரரின் உளி தவறிப்போய்க் குழாயில் பட்டால் அங்கேயே பீய்ச்சியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் அது கீழ்வீட்டு விட்டத்தில் ஈரமாகத் தெரிய ஆறு மாதம் ஆகும்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் படம் போதாது. மூலையிலிருந்தும் தரையிலிருந்தும் குழாய் எத்தனை அங்குலத்தில் போகிறது என்று தெரிய, அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். நாலு வருஷம் கழித்துக் கண்ணாடி மாட்ட ட்ரில் போடுகிறவர் கேட்பது அந்த அங்குலக் கணக்கைத்தான்.

குழாய் நீளும் என்பதும் பலர் யோசிக்காத சங்கதி. பத்து மீட்டர் சிபிவிசி குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 25 மில்லிமீட்டர் நீளும். மொட்டை மாடியில் வெயிலில் நேர்க்கோடாக இறுக்கிக் கட்டிய குழாய் எல்போவில் விடுவதற்கு இது ஒரு காரணம். கொஞ்சம் நெளிய இடம்விட்டு, வெயில் படும் குழாய்க்குத் தண்ணீரில் கரையும் வகைப் பெயின்ட் அடித்துவிடலாம். ஆயில் பெயின்ட் அதற்கு ஆகாது.

சரி, வீடு கட்டியாயிற்று. கீழ்வீட்டுக்காரர் விட்டத்தில் ஈரத் திட்டைக் காட்டுகிறார். உடனே மேலே டைல்ஸை உடைக்க ஆள் கூப்பிடக் கூடாது. முதலில் துப்பறிய வேண்டும். பாத்ரூமை இரண்டு நாள் பூட்டிவையுங்கள். அப்போதும் ஈரம் பரவினால், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயில்தான் கோளாறு. புழங்கும்போது மட்டும் ஈரம் கூடினால் தரையிலோ கழிவுக் குழாயிலோ இருக்கிறது. ராத்திரி படுக்கப்போகும் முன் எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, தொட்டியில் நீர்மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துவைத்துக் காலையில் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதற்கும் முன், கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியைச் சந்தேகப்பட வேண்டும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளி அதில் விட்டு, அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால் போதும். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே ரப்பர் சரியாக அடைக்கவில்லை. மாற்றுவது சுலபம். பல வீடுகளில் மாதக்கணக்கில் தண்ணீர் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருப்பது இந்த வழியில்தான்.

வாடை வருகிற பாத்ரூம் வேறு கதை. 1775ஆம் ஆண்டு லண்டனில் கடிகாரம் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படியான கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். சாக்கடை வாடையை மறித்து நிற்பது அந்தத் தங்கிய தண்ணீர்தான். இன்று நம் தரையில் பதிக்கும் நஹானி டிராப்பிலும் அதே ஏற்பாடு. சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போனால் அது வற்றிவிடும். வாடையும் கரப்பானும் அந்த வழியாக வரும். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே 'குளுக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் விஷயம் பெரிது. கழிவுக் குழாய்க்கு மூச்சுவிட வழியில்லாமல், அது டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டிய வென்ட் பைப்பை யாரோ பாதியில் நிறுத்தியிருக்கலாம். அல்லது கொசுவுக்குப் பயந்து மூடி போட்டிருக்கலாம். கொசுவுக்கு வலை கட்டினால் போதும்.

வீடு கட்டும் விஷயங்களை வீட்டுக்காரருக்குப் புரியும்படி எழுதிவைத்தவர்கள் நம் பக்கத்தில் அதிகம் இல்லை. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒருவர் இருந்தார். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கிவிட்ட லாரி பேக்கர். கட்டிடச் செலவைக் குறைப்பது பற்றித் தானே கோட்டுச் சித்திரம் வரைந்து சிறு கையேடுகள் போட்டார்.

குழாயில் மட்டுமல்ல, கான்கிரீட்டிலும் தண்ணீர்தான் வில்லன், தண்ணீர்தான் காவலன். கலக்கும்போது கூடக் கூடாது. எம் 20 தரக் கலவைக்கு, 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் என்பது இந்தியத் தரக் குறியீடு சொல்லும் அளவு. கலவை இளக்கமாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றுவார். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்பார். போட்டு முடித்த பிறகு தண்ணீர் குறையக் கூடாது. இப்போது அதிகம் விற்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதற்காகத்தான். பாத்ரூம் பள்ளத் தளத்திலும் டைல்ஸுக்கு முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கீழே விட்டம் காய்ந்தே இருந்தால் மேலே போகலாம்.

கடைசியாக கீசர். தண்ணீர் சூடேறினால் பெருகும். அதை வெளியே விடத்தான் கீசரின் அடியில், குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில், ஒரு சேஃப்டி வால்வு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சூடேறும் நேரத்தில் சில சொட்டு விழுவது இயல்பு. தரை ஈரமாகிறதே என்று சிலர் அதில் மூடியைத் திருகிவிடுகிறார்கள். இன்னும் சிலர் வால்வையே கழற்றிவிட்டுச் சாதாரண நிப்பிள் போட்டு மாட்டுகிறார்கள். ஒருநாள் தெர்மோஸ்டாட் பழுதாகி, மின்சாரம் நிற்காமல் போனால், பெருகும் தண்ணீருக்கும் நீராவிக்கும் போக இடமில்லை. கீசர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். சொட்டு தொந்தரவாக இருந்தால் வால்வின் வாயில் ஒரு சின்ன ட்யூபை மாட்டி, நுனியை அடைக்காமல் தரை டிராப்புக்கு விடலாம். கீசர் அணைந்திருக்கும்போதும் நிற்காமல் ஒழுகினால் வால்வையே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் வேலை அது.