பழைய கருவியும் புதிய கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையிலே மின்கருவிகளைப் பற்றி நாம் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் இல்லத்தைப் பேணுதல் இல்லறத்தானின் கடமையன்றோ? விளக்கு, விசிறி, கதவுப் பூட்டு ஆகியவற்றைத் தாமாகவே இயங்கச் செய்யும் கருவிகள் இன்று வீடுகளிலே புகுந்துவிட்டன. அவற்றுள்ளே பழையன புதியவற்றோடு பேச மறுக்குமாயின் நாம் செய்யத்தக்கது யாது? அதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1975ஆம் ஆண்டிலே ஸ்கொற்லாந்தின் கிளென்றொதெஸ் நகரிலிருந்த பிக்கோ இலெக்றோனிக்ஸ் நிறுவனத்தார் எக்ஸ்-10 என்னும் முறையை வகுத்தனர். அதற்குப் புதிய கம்பி வேண்டியதில்லை. வீட்டின் மின்கம்பியே செய்தியையும் சுமந்து செல்லும். மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தை ஒட்டி 120 கிலோஹேட்ஸ் துடிப்பொன்று கம்பியிலே விடப்படும். துடிப்பு இருத்தலும் இல்லாமையுமே அம்மொழியின் எழுத்துக்கள். வீட்டுக்குறி 16, கருவிக்குறி 16. ஆக 256 முகவரிகள். ஒரு கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும்.

பின்னர் வானொலி அலையாற் பேசுங் கருவிகள் வந்தன. டென்மார்க்கிலே ஸீ-வேவ் பிறந்தது. ஸிக்பீயின் விதிமுறை 2004இல் நிறைவேறியது. ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்காது. ஸீ-வேவ் கருவிகளுக்குள்ளேயும் ஐரோப்பாவுக்கு உரியவை 868 மெகாஹேட்ஸ் அளவிலும், அமெரிக்காவுக்கு உரியவை 908 மெகாஹேட்ஸ் அளவிலும் பேசுகின்றன. ஆகவே, அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த ஆளி, ஐரோப்பியப் பெட்டியொன்றின் முன்னே ஊமையாகிவிடும். அன்றியும், அங்கே மின்னழுத்தம் 120 வோல்ற்று. எமது நாட்டிலோ 230. இதனைக் கவனியாது பொருத்துதல் ஆபத்து.

2022ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே பல நிறுவனங்கள் கூடி மற்றர் என்னும் பொதுமொழியை வெளியிட்டன. இனிப் பழையவை எல்லாம் குப்பைக்கே என்று எண்ணியோர் உளர். அது தவறு. பழைய கருவிகளையும் இணைத்துக்கொள்ளும் 'பாலம்' ஒன்றுக்கு அவ்விதிமுறையே இடம் வைத்திருக்கின்றது.

பாலம் என்பது யாது? இருமொழி அறிந்த துவிபாஷியே அது. 2013இல் பௌலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்ரன்ற் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையளவான கணினியொன்றிலே அதனை நிறுவலாம். ஒவ்வொரு மொழிக்கும் உரிய சிறு கருவியை அக்கணினியோடு தொடுத்தல் வேண்டும். முதிய தாயார் நள்ளிரவிலே எழுந்து நடக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். புதிய உணர்கருவி அதனைக் கண்டு பொதுமொழியிலே அறிவிக்கின்றது. கணினி அதனை எக்ஸ்-10 மொழியிலே மாற்றி மின்கம்பியில் விடுகின்றது. முப்பதாண்டுப் பழைய விளக்குப்பெட்டி கட்டளையை ஏற்று ஒளி தருகின்றது.

ஆயினும், துவிபாஷியால் ஊமையைப் பேசவைத்தல் இயலாது. எக்ஸ்-10 கருவிகளுட் பெரும்பாலானவை கட்டளையைக் கேட்குமேயன்றி, 'செய்து முடித்தேன்' என்று மறுமொழி கூறா. விளக்கு எரிந்ததோ இல்லையோ என்பது கணினிக்குத் தெரியாது. ஆதலின், விறாந்தை விளக்கைப் பழையதிடம் ஒப்படைக்கலாம். கதவுப் பூட்டையும் தீ எச்சரிக்கையையும் ஒப்படைத்தலாகாது. தாயாரின் வழிவிளக்குக்கும் கையால் இயக்கும் ஆளியொன்று சுவரிலே இருத்தல் வேண்டும். இக்காலத்து மின்னேற்றிகள் சில பழைய துடிப்பை விழுங்கிவிடுவதும் உண்டு. அவற்றுக்கு வடிகட்டி பொருத்துதல் நன்று.

துவிபாஷி எங்கே குடியிருக்கின்றான் என்பது அதனினும் முக்கியமானது. 2005இல் அமெரிக்காவிலே வெளிவந்த இன்ஸ்ரியொன் கருவிகள் எக்ஸ்-10 மொழியையும் அறிந்தவை. 2022 ஏப்பிரலிலே அந்நிறுவனத்தின் சேவைக் கணினிகள் முன்னறிவித்தலின்றி நின்றுபோயின. தொலைபேசி வழியாக வீட்டை ஆண்டவர்கள் திகைத்தனர். தம்முள் நேரே இணைக்கப்பட்ட ஆளிகளும், வீட்டிலேயே கணினி வைத்திருந்தோரின் கருவிகளும் தொடர்ந்து இயங்கின. அவ்வாண்டு யூன் மாதத்திலே வாடிக்கையாளர் சிலர் ஒன்றுகூடி அதனை வாங்கி மீண்டும் நடத்தலாயினர். பிறர் வீட்டுத் திண்ணையிலே துவிபாஷியை வைத்தவன், அவ்வீட்டார் கதவடைத்த அன்றே பேச்சிழப்பான்.

ஆகவே, இளைஞர்களே, மூன்று காரியங்களை மறவாதீர்கள். கருவி வாங்குமுன், இணையம் அறுந்த வேளையிலும் அது இயங்குமா என்று கேளுங்கள். வாங்கியபின் இணைப்பைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். எக்கருவிக்கு எம்முகவரி என்பதை ஒரு கொப்பியிலே எழுதி வீட்டில் வையுங்கள்; நீங்கள் ஊரில் இல்லாத நாளிலே வீட்டார்க்கு அது கைகொடுக்கும். இன்னும் உழைக்கக்கூடிய கருவியைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காக எறியாதீர்கள். அதன் வலிமைக்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள்.

முதியோரையும் இளையோரையும் ஒரு கூரையின் கீழ் வைத்து வாழ்ந்தவர்கள் நாம். அவரவர்க்கு இயன்ற பணியை அறிந்து கொடுப்பதே குடும்பம் நடத்தும் முறை. கருவிகளுக்கும் அம்முறையே பொருந்தும் என்று கூறி அமைகின்றோம்.